உபரியில் எழுந்த கல்லூரி

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார். ‘குறவஞ்சி மேடு’ என்பது அதன் பெயர். அந்நூலின் பாட்டுடைத் தலைவரான குற்றாலநாதரின் தேவஸ்தானமே 1964இல் பராசக்தி மகளிர் கல்லூரியை நிறுவியது. அன்று தமிழுக்கு நிலம். பின்னர் பெண்கல்விக்குக் கோயில் வருவாய்.

இதற்குச் சட்டவழி தந்தது 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம். பூசை, திருவிழா, பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஒதுக்கியபின் எஞ்சும் உபரியை, ஆணையரின் அனுமதியோடு கல்விப் பணிக்குச் செலவிடலாம் என்கிறது 36ஆம் பிரிவு. ஆகவே, கோயிலின் வரவுசெலவுத் திட்டத்தில் கல்லூரியின் பங்கு கடைசி வரியில்தான் பிறக்கிறது.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில், ஒப்புதல் பெற்ற பணியிடங்களுக்கான ஊதியத்தை மானியம் சுமக்கிறது. கட்டடமும் ஆய்வகமும் விடுதியும் நிர்வாகத்தின் பொறுப்பில் நிற்கின்றன. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது; கல்வியாண்டோ சாரலோடு ஜூனில்தான் வருகிறது. மாணவியர் எத்தனை பேர் என்று தெரியுமுன்பே செலவைத் திட்டமிட்டாக வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்குவது நிர்வாகம் தரும் நிதியே.

சட்டத்தின் ஏட்டில் அதற்குப் பெயர் உபரி. படிக்க வந்த பெண்ணுக்கு அதுவே முதல்.