தறியின் மறுபக்கத்து ஆள்: மூப்பர் சபைகளில் பிரசங்கம்

காஞ்சிபுரத்தில் ஒரு நூலை அரங்கேற்றுவது லேசான காரியமாக இருந்ததில்லை. கச்சியப்ப சிவாச்சாரியார் குமரக்கோட்டம் முருகன் கோயிலில் கந்தபுராணத்தைத் தொடங்கியபோது, முதற்சொல்லிலேயே ஒருவர் எழுந்து தடை சொன்னார் என்பது இந்த ஊர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அந்தச் சொல்லில் உள்ள புணர்ச்சிக்கு இலக்கணத்தில் விதி எங்கே என்று கேட்டாராம். அது முருகனே அடியெடுத்துக் கொடுத்த சொல் என்று புலவர் சொல்லியும் சபை இசையவில்லை. அன்று அரங்கேற்றம் நின்றது. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் கொண்டுவந்து விதியைக் காட்டிய பிறகே நூல் நகர்ந்தது. வீரசோழியத்தை இயற்றிய புத்தமித்திரரோ பௌத்தர். தெய்வம் தந்த சொல்லையும் ஆராய்ந்து பார்த்தே ஏற்ற சபை அது.

இதே ஊரில் ஞாயிறு தோறும் கூடும் கிறிஸ்தவ சபைகளில், முக்கியமாக மூப்பர்கள் நடத்தும் சபைகளில், பிரசங்கம் எப்படி இருக்கிறது என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தக் குமரக்கோட்டத்துச் சபை நினைவுக்கு வருகிறது. சம்பளம் வாங்கும் ஆயர் இல்லாமல், வாரமெல்லாம் வேறு தொழில் பார்க்கும் மூப்பர்கள் முறை வைத்துச் செய்தி கொடுக்கும் சபைகள் இவை. ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் கடை வைத்திருப்பவர், ஒருவர் தறிக்காரர். இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். புதிய ஏற்பாட்டுச் சபைகளின் சாயல் இதில் இருக்கிறது. மூப்பனாக இருப்பவன் போதகசமர்த்தனாக இருக்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை நம் சபைகள் அப்படியே ஏற்றுக்கொண்டவை. ஆனால் அந்தச் சமர்த்தை வளர்த்துக்கொள்ள என்ன வழி வைத்திருக்கிறோம் என்று கேட்டால் நம்மிடம் பதில் குறைவு.

குறை என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் வாக்குத்தத்த அட்டைகளில் தவறாமல் இடம்பெறுவது. தேவன் நமக்கு நன்மையையே நினைத்திருக்கிறார் என்று அதை வைத்து ஒரு மணி நேரம் பேசக் கேட்டிருக்கிறேன். அதற்கு மேலே இருக்கும் 10ஆம் வசனத்தை அவர் தொடவே இல்லை. அதில் 70 ஆண்டு இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்பதே கடிதத்தின் பொருள். அன்று முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாவுக்கு மகன் வேலையிழந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது அந்த 70 ஆண்டுதான். அது கிடைக்காமலே அவர் வீட்டுக்குப் போனார். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் தனியாக உட்கார்ந்து ஒரு வசனத்தைத் தேடிப் பிடித்த களைப்புத்தான் காரணம்.

தயாரிப்பு என்று பேசினாலே சிலர் முகம் சுளிப்பது உண்டு. ஆவியானவர் நடத்துவார், மனுஷ ஞானம் எதற்கு என்பார்கள். அவர்களுக்கு நான் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனைக் காட்டுவேன். 1810இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸின் பள்ளியில் படித்தவர். தமிழ் இலக்கணமே எழுதிய ரேனியஸிடம் பாடம் கேட்டவர் சொல்லை எண்ணிப் பார்க்காமல் பேசியிருக்க முடியாது. பிறகு பல் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் தோழமையில், குருப்பட்டம் இல்லாமலே விசுவாசிகள் கூடி அப்பம் பிட்கலாம், வசனம் போதிக்கலாம் என்ற கொள்கையை ஏற்றார். 1840இல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினார். மிஷன் சங்கத்தின் சம்பளத்தில் அவர் இல்லை. 1860இல் தெற்கே பரவிய எழுப்புதலின் நடுவில் இருந்தவர் இவர்தான். ஆவியின் வரங்களைப் பற்றி நம் நாட்டில் அவ்வளவு முன்னமே சாட்சி சொன்னவரும், பள்ளியில் உட்கார்ந்து வேதத்தைப் படித்தவரும் ஒரே ஆள். படிப்பும் ஆவியும் அவரிடம் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

காஞ்சிபுரத்துக்கு என்றே வேறொரு முன்மாதிரியும் உண்டு. 1837இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன், 1839இல் இங்கே பள்ளி தொடங்கினார். ஆண்டர்சன் பள்ளி என்று இன்றும் நிற்பது அதுதான். ஸ்காட்லாந்துச் சபை பிரெஸ்பிட்டேரியன் சபை. அந்தப் பெயரே மூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. ஆண்டர்சனின் மாணவர்களான ராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு மூவரும் 1851இல் அபிஷேகம் பெற்றார்கள். அந்த முறைப்படி ஒருவர் பிரசங்கம் செய்ய உரிமை பெறுமுன், ஆயர்களும் மூப்பர்களும் உட்கார்ந்திருக்கும் மன்றத்தில் பேசிக் காட்டவேண்டும். கேட்டவர்கள் குறைநிறை சொல்வார்கள். அரங்கேற்றம் என்ற சொல்லை அந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் அறிந்திருக்க மாட்டார்கள், ஆனால் செய்தது அதைத்தான். அந்த மரபு 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும் பிறகு 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்துவிட்டது. அங்கே இறையியல் கல்லூரி இருக்கிறது. தனித்து நிற்கும் மூப்பர் சபைகளுக்கு அதுவும் இல்லை. ஆகவே மூப்பர்களே ஒருவருக்கொருவர் கல்லூரியாக இருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைத் தறியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை இழைக்கு மூன்று நாடா ஓடும். உடலுக்கும் ஒரு பக்கக் கரைக்கும் உரிய நாடாக்களை நெசவாளர் பார்த்துக்கொள்வார். எதிர்ப்பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடத்தில் கை தப்பினால் சேலை அங்கேதான் விடும். அதனால்தான் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் கோர்வைக்குத் தனியாக உட்காருவதில்லை. வேதப்பகுதியைக் கேட்கிறவர் வாழ்க்கையோடு பிடித்துக் கோக்கும் வேலையும் இப்படிப்பட்டதே. மறுபக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

நான் பார்த்த ஒரு சிறு சபையில் இதைச் செய்கிறார்கள். வியாழக்கிழமை மாலை மூப்பர்கள் மூவரும் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பகுதியை ஒருவர் உரக்க வாசிப்பார். 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பில் ஒருமுறை, 1995இன் திருவிவிலியத்தில் ஒருமுறை. இரண்டும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே பேச்சு தொடங்கும். யாருக்கு எழுதப்பட்டது, முந்திய பத்தி என்ன சொல்கிறது, பிராயச்சித்தம் என்றால் நம் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும் என்று கேட்டுக்கொள்வார்கள். செய்தி கொடுக்க வேண்டியவர் கடைசியில் ஒரே வாக்கியத்தில் பகுதியின் பொருளைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் மறுபடி வாசிப்பு. ஒரு புத்தகத்தை எடுத்தால் அதிகாரம் அதிகாரமாக முடித்துவிட்டே அடுத்ததற்குப் போவதால், சனிக்கிழமை இரவு வசனம் தேடும் வேலையே இல்லை. எல்லாருக்கும் பேசும் வரம் ஒரே அளவு இல்லை என்பதும் அங்கே தெரிந்துவிடுகிறது. முறை வந்துவிட்டது என்பதற்காக ஒருவரைப் பிரசங்க பீடத்தில் ஏற்றுவதை அவர்கள் மெதுவாக நிறுத்திக்கொண்டார்கள். அது சரியென்றே நான் நினைக்கிறேன். வீடு சந்திப்பதிலும் நோயாளியைப் பார்ப்பதிலும் சிறந்த மூப்பர் அந்த வேலையில் முந்தட்டும்.

பெரியவர்களை எப்படித் திருத்துவது என்ற கூச்சம் நம் மண்ணில் இயல்பு. அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் இதற்கு வழி காட்டுகிறது. அப்பொல்லோ அலெக்சந்திரியாவில் பிறந்தவன், சொல்வன்மை மிக்கவன், வேதத்தில் தேறினவன். ஆனால் யோவானின் ஸ்நானத்தைத் தவிர அவனுக்கு வேறு தெரியாது. எபேசுவின் ஜெப ஆலயத்தில் அவன் பேசியதை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து மடக்கவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு இன்னும் திட்டமாக விளக்கினார்கள். அவர்கள் செய்த தொழில் கூடாரம் பண்ணுவது. கையால் உழைத்துப் பிழைத்த ஒரு குடும்பம், அதிலும் ஒரு பெண், அந்தக் காலத்தின் சிறந்த பேச்சாளன் ஒருவனைத் தேற்றிவிட்டது. அவனும் ஏற்றுக்கொண்டான்.

இம்மலரைக் கையில் வைத்திருக்கும் சகோதர சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். வாசலில் கைகொடுத்து, நல்ல செய்தி ஐயா என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்த வாரத்திலேயே ஒரு நாள் செய்தி கொடுத்தவர் வீட்டுக்குப் போங்கள், அல்லது அவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். வேதப்பகுதியில் எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.