ஒத்திகை பார்த்த வழக்குகள்

போன மாதம் ஒரு சட்டக் கல்லூரியில் பேசப் போயிருந்தேன். எனக்கு முன்னால் அதே அரங்கில் மாதிரி நடுவர் மன்ற விசாரணை ஒன்று நடந்துகொண்டிருந்தது. கப்பலில் வர வேண்டிய இயந்திரம் தாமதமாக வந்துவிட்டது. வாங்கிய கம்பெனி இழப்பீடு கேட்கிறது, விற்ற கம்பெனி மறுக்கிறது. மூன்று நடுவர்கள், பக்கத்துக்கு இரண்டு மாணவர்கள். வியன்னாவில் ஆண்டுதோறும் நடக்கும் வில்லெம் விஸ் போட்டியைப் பார்த்து அமைத்தது என்றார்கள். ஒரு மாணவி அணிந்திருந்த கோட்டு இரவல் வாங்கியது என்பது தோள்பட்டையிலேயே தெரிந்தது. ஆனாலும் கேள்விகளுக்கு அசராமல் பதில் சொன்னார்.

வெளியே டீ குடிக்கும்போது, "இதுல எதும்மா கஷ்டம்?" என்று கேட்டேன். "எதிர்ல உக்காந்திருக்கவங்க நம்மள நம்ப மாட்டாங்கன்னு தெரிஞ்சே பேசறதுதான்க்கா" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு ஹோவர்டு ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து சில ஆண்டுகளில், 1869இல், வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி. பகலில் வேலை செய்தவர்கள் மாலையில் வந்து படித்தார்கள். 1929இல் அதன் துணைத் தலைவராகப் பொறுப்பேற்றார் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். முதல் உலகப் போரில் நிறவெறி பிடித்த ராணுவத்தில் அதிகாரியாக இருந்து, பட்ட அவமானத்தோடு திரும்பி, ஹார்வர்டில் சட்டம் படித்தவர். வந்ததும் மாலை வகுப்புகளை நிறுத்தி முழுநேரப் பள்ளியாக மாற்றினார். 1931இல் அமெரிக்க வழக்குரைஞர் சங்கத்தின் அங்கீகாரமும் கிடைத்தது. இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. வேலைக்குப் போனால்தான் சோறு என்றிருந்தவர்களுக்குக் கதவை மூடித்தான் அந்தத் தரம் வந்தது. அதையும் சேர்த்துத்தான் ஹூஸ்டனைச் சொல்ல வேண்டும்.

வழக்குரைஞர் என்பவர் சமூகத்தைக் கட்டும் பொறியாளர் என்பது அவருடைய கொள்கை. மாணவர்களைக் கசக்கிப் பிழிந்தார். 1933இல் அவரிடம் படித்து முதல் மாணவராகத் தேறியவர் தர்குட் மார்ஷல். சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காது என்பதால் பால்டிமோரிலிருந்து ரயிலில் வந்து போய்ப் படித்தார். இரண்டே ஆண்டுகளில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து அதே கல்லூரிமீது வழக்குப் போட்டு, டொனால்டு முர்ரே என்ற இளைஞருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்கள். அதே 1935இல்தான் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார் அண்ணல் அம்பேத்கர்.

ஹூஸ்டன் நடத்திய பெரிய வழக்கு லாயிட் கெய்ன்ஸ் வழக்கு. மிசௌரி மாநிலச் சட்டக் கல்லூரி கெய்ன்ஸைச் சேர்க்க மறுத்தது. வேறு மாநிலத்தில் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் கொடுத்துவிடுகிறோம் என்றது. (ஊருக்கு வெளியே போ என்பதை இவ்வளவு மரியாதையாகவும் சொல்லலாம் போலிருக்கிறது.) 1938 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் முன், ஹூஸ்டன் தன் வாதத்தை ஹோவர்டில் ஆசிரியர்கள், மாணவர்கள் முன்னிலையில் ஒத்திகை பார்த்தார். அவர்கள் நீதிபதிகளைப் போலக் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். நிஜ நீதிமன்றத்தில் மக்ரெனால்ட்ஸ் என்ற நீதிபதி, கறுப்பின வழக்குரைஞர் பேச எழுந்ததும் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். ஹூஸ்டன் அந்த முதுகுக்கும் சேர்த்து வாதாடினார். டிசம்பரில் தீர்ப்பு கெய்ன்ஸ் பக்கம் வந்தது.

மிசௌரி அப்போதும் விடவில்லை. செயின்ட் லூயிஸில் முன்பு அழகுக்கலைக் கல்லூரி இயங்கிய கட்டடத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனிச் சட்டப் பள்ளி திறந்தது. வழக்கு மறுபடி விசாரணைக்கு வர இருந்த நேரம், 1939 மார்ச்சில் ஒரு மாலை, சிகாகோவில் தங்கியிருந்த இடத்திலிருந்து தபால்தலை வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார் கெய்ன்ஸ். திரும்பவே இல்லை. 28 வயது. என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வழக்கும் அதோடு நின்றது.

ஆனால் ஒத்திகை நிற்கவில்லை. பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்குக்காக 1952இலும் 1953இலும் உச்ச நீதிமன்றம் போகும் முன் மார்ஷலின் குழு ஹோவர்டில்தான் வாதத்தைச் சோதித்துப் பார்த்தது. நீதிபதிகளாக உட்கார்ந்தவர்கள் சொந்த ஆட்களாயிற்றே என்று இரக்கம் காட்டவில்லை. எதிர்த் தரப்பில் ஒரு மாநிலத்துக்காக வாதாட வந்தவர் ஜான் டேவிஸ். அதற்கு முன்பே நூற்றுக்கும் அதிகமான வழக்குகளை உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர், குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளராக நின்றவர். 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பிரிவினைக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஹூஸ்டன் அதைப் பார்க்கவில்லை. 1950இலேயே, 54 வயதில், இறந்துவிட்டார்.

நான் கல்லூரியில் பார்த்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேயே உறைத்தது. நம் பிள்ளைகள் யாரோ எழுதிக் கொடுத்த கம்பெனித் தகராறில் திறமையைக் காட்டுகிறார்கள். அந்தத் திறமை தேவைதான், அதில் சோறும் இருக்கிறது. ஹோவர்டு மாணவர்கள் ஒத்திகை பார்த்தது தங்கள் சொந்த வழக்கை.

அங்கேயும் எல்லோருக்கும் சம இடம் இருந்ததா என்றால், இல்லை. 1944இல் அங்கே தேறிய பாலி முர்ரே தன் வகுப்பில் ஒரே பெண், முதல் மாணவியும் அவரே. அதுவரை கறுப்பின வழக்குரைஞர்கள் 'பிரித்தாலும் சமமாகக் கொடு' என்றுதான் கேட்டு வந்தார்கள். பிரிப்பதே அநீதி, அதையே நேராகத் தாக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார் முர்ரே. உடன்படித்தவர்கள் சிரித்தார்கள். 25 ஆண்டுகளுக்குள் அந்தப் பழைய தீர்ப்பு கவிழும் என்று ஆசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் பத்து டாலர் பந்தயம் கட்டினார். தன் வாதத்தைக் கட்டுரையாகவும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பத்தே ஆண்டில் தீர்ப்பு வந்தது.

பிரவுன் வழக்குக்குத் தயாரான குழுவில் ராபின்சனும் இருந்தார். பழைய மாணவியின் கட்டுரையை எடுத்துக் குழுவினரோடு படித்துப் பார்த்திருக்கிறார். அது முர்ரேக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்து, ஏதோ வேலையாக ஹோவர்டுக்குப் போனபோதுதான்.