காதால் கேட்ட எஞ்சின்கள்

பெரம்பலூர் வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில், நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மீது ஊன்றிக் கைப்பிடியைக் காதோடு அழுத்தி, உள்ளே எந்தப் பாகம் நலிந்தது என்று கண்டுகொள்ளும் மெக்கானிக்குகளை எங்களில் பலர் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு அதுதான் வைத்தியம். பந்தயக் கார்களுக்கும் நெடுங்காலம் ஏறக்குறைய அதே வைத்தியமே நடந்தது.

1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமே பந்தயக் களமாயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம். பியட்டையும் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்து பந்தய வண்டி செய்துகொண்டார்கள். முழு வேகத்தில் ஓட்டி, சட்டென எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் மிகுதி, இளம்பழுப்பென்றால் சரி. நாடி பார்ப்பதற்கு இணையான கலைதான்.

கோவையின் சுந்தரம் கரிவர்தன் 1988இல் ஃபார்முலா மாருதியைத் தொடங்கியபோது, மாருதி 800இன் 796 சிசி எஞ்சினையே எடுத்துக்கொண்டார். கார்புரேட்டர் எஞ்சின் ஓட உணரி ஏதும் தேவையில்லை. செலவு குறைந்தது, வசதி குறைந்த இளைஞருக்கும் வாசல் சற்றே திறந்தது. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் அந்த வாசல் வழியே வந்தவர்தான். ஆனால் அதற்கு முன்பே, 1983இல், மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட பி.எம்.டபிள்யூ டர்போ எஞ்சினால் நெல்சன் பிகே உலகப் பட்டம் வென்றிருந்தார்.

இன்றைய எஞ்சினுக்குச் சில உணரிகள் கட்டாயம். அவையின்றி அது ஓடாது. எண்ணெய் அழுத்தம், எண்ணெய் வெப்பம், புகையில் எஞ்சும் பிராணவாயு ஆகியவற்றை அளப்பவை பெரும்பாலும் விருப்பத்துக்கு விடப்பட்டவை. நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சும். அழுத்தம் ஒரே நொடி விழும். வளைவில் கண் பதித்திருக்கும் ஓட்டுநர் முள்ளைப் பார்ப்பதில்லை. காதும் தாமதமாகவே அறியும். அதற்குள் பேரிங் போய்விடும். நொடிக்குப் பலமுறை பதிவு செய்யும் கருவி மட்டுமே அதைப் பிடிக்கும்.

உணரியைத் திருகி வைப்பது எளிது. பாடு முழுவதும் கம்பியில்தான். புகைக்குழாயின் வெப்பத்துக்கு எட்டாமல், இக்னிஷன் கம்பிகளை விட்டு விலக்கி, எஞ்சின் அதிர்வதற்கேற்பச் சற்றே தளர்வாகக் கொண்டுபோக வேண்டும். பற்றவைத்த முனை விறைத்து, அதிர்வில் அதன் விளிம்பிலேயே முறியும். ஆகையால் நெரித்துப் பொருத்துவதையே விரும்புகிறார்கள். கம்பி அறுந்த உணரி பொய் சொல்லும். இல்லாத உணரியைவிட அது மோசம் என்பது எங்கள் எண்ணம்.

காதே போதும் என்று வாதிடும் நண்பர்கள் எங்களிடையே உண்டு. எங்களால் அதை முழுதாக ஏற்க இயலவில்லை. 1956 நவம்பர் 23 அன்று, அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்த செய்தி தூத்துக்குடி எக்ஸ்பிரஸுக்கு எட்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பந்தயக் காரும் ரயிலும் ஒன்றல்லதான். ஆயினும் இவ்வூர்க்காரர்களுக்கு, உரிய நேரத்தில் வந்து சேராத செய்தி என்றால் அந்த ஆறுதான் நினைவுக்கு வருகிறது.

கரிவர்தன் 1995இல் சிறுவிமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெரம்பலூர்ப் பட்டறைகளுக்கும் இப்போது ஸ்கேனர் கருவி வந்துவிட்டது. அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகும், மெக்கானிக் திருப்புளியைத் தேடி எடுக்கிறார்.