ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கே வருடங்கள் ஆகியிருந்தன. 1949-இல் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். பெயர் 'கொலேஜ் தெரோப்', அதாவது ஐரோப்பியக் கல்லூரி. பட்டம் பெற்றவர்கள் மட்டும் சேரலாம், ஓராண்டுப் படிப்பு. முந்தைய வருடம் ஹேக் மாநாட்டில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சல்வதோர் தெ மதாரியாகா சொன்ன யோசனை அது.

சட்டமும் பொருளாதாரமும் எங்கும் படிக்கலாம். இங்கே விசேஷம், பல நாட்டுப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதுதான். பாடம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். ஆகவே ஒருவர் தடுமாறினால் மற்றவர் சிரிக்க முடியாது. நாளை அவர் தடுமாறுவார்!

முதல் ரெக்தர் ஹென்ட்ரிக் ப்ரூக்மன்ஸ், ஒல்லாந்துக்காரர். போர்க்காலத்தில் ஜெர்மானியர் அவரைப் பிணையாளாக அடைத்து வைத்திருந்தார்கள். அந்த மனிதர்தான் பகைநாட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பந்தி போட்டார். 1972 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஒவ்வொரு வருட மாணவர் அணிக்கும் ஒரு பெரியவர் பெயர் வைப்பது அங்கே வழக்கம். 1950-51 அணிக்கு செந்த்-எக்சுபெரி பெயர். பிரெஞ்சு வகுப்பில் 'குட்டி இளவரசன்' படித்த நம்மவர்களுக்கு அவரைத் தெரியும். 1944-இல் போர் விமானத்தோடு காணாமற்போனவர்.

கூடிப் படித்ததில் சம்பந்தங்களும் முடிந்தன. டென்மார்க்கின் பிரதமராக இருந்த ஹெல்லே தோர்னிங்-ஷ்மித், பின்லாந்தின் இன்றைய அதிபர் அலெக்சாந்தர் ஸ்தூப், இருவருமே பிரிட்டிஷ் துணையை அங்கேதான் கண்டார்கள். பிரிட்டனின் துணைப் பிரதமராக இருந்த நிக் கிளெக் ஸ்பெயின் நாட்டுப் பெண்ணை மணந்ததும் அப்படித்தான்.

அதே கல்லூரிக்கு 1988-இல் வந்த மார்கரெட் தாட்சர், ஐரோப்பாவுக்கென ஒரு மேலதிகார அரசு கூடாது என்று பேசிவிட்டுப் போனார். 2016-இல் பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள்.

அப்படியானால் ப்ரூக்மன்ஸ் போட்ட பந்தி வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. அதில் உட்கார்ந்தவர்கள் மனம் மாறித்தான் போனார்கள். ஆனால் பிரிட்டனில் வாக்களித்தவர்கள் மூன்று கோடிக்கு மேல். அந்தப் பந்திக்குப் போய் வந்தவர்கள் சொற்பம். படித்தவர்கள் தங்களுக்குள் கூடிப் பழகினால் மட்டும் போதாது; ஊரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும்.