கோண்டுவானத்தீரியா: எட்டுப் பற்களும் ஒரு வகைப்பாட்டுச் சிக்கலும்

கோண்டுவானத்தீரியா என்பது தென் கண்டங்களில் வாழ்ந்து முற்றிலும் அழிந்துபோன ஒரு தொல்பாலூட்டிக் குழு ஆகும். இக்குழுவின் புதைபடிவங்கள் அர்ஜென்டினா, மடகாஸ்கர், இந்தியா, அண்டார்க்டிகா ஆகிய இடங்களில் கிடைத்துள்ளன. டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்தின் பிற்பகுதியில் இவை பரவியிருந்தன. டைனோசர்கள் அழிந்த பின்னும் தென் அமெரிக்காவிலும் அண்டார்க்டிகாவிலும் சில காலம் நீடித்தன. இக்குழுவைச் சேர்ந்த இந்திய விலங்கின் பெயர் பாரத்தீரியம் போனபார்ட்டி. இதன் எலும்புக்கூடோ மண்டையோடோ கிடைக்கவில்லை. இது எட்டுத் தனிப் பற்களைக் கொண்டே அறியப்படுகிறது.

இன்றுள்ள பாலூட்டிகள் முட்டையிடுபவை, பைப்பாலூட்டிகள், நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் என மூன்று வகைப்படும். கோண்டுவானத்தீரியா இவற்றில் எதிலும் அடங்குவதில்லை. ஆகவே பாலூட்டிகளின் பரிணாம மரத்தில் இதற்கு எந்தக் கிளையில் இடம் தருவது என்ற கேள்வி 1980கள் முதல் ஆய்வாளர்களிடையே விவாதிக்கப்பட்டு வருகிறது.

பெயர்

கோண்டுவானா என்ற சொல் நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலப்பகுதியைக் குறிப்பது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மெட்லிகாட் 1872இல் அப்பகுதியின் பாறை அடுக்குகளுக்கு இப்பெயரை வழங்கினார். பின்னர் ஆஸ்திரியப் புவியியலாளர் எடுவர்ட் சூயெஸ் தென் கண்டங்கள் ஒன்றாக இருந்த பழைய பெருநிலத்துக்கு இதே பெயரைச் சூட்டினார். தீரியம் என்பது விலங்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இக்குழுவுக்கு 1987இல் கோண்டுவானத்தீரியா என்ற பெயரை இட்டவர் ஆல்வரோ மோனெஸ். நடு இந்தியாவின் பெயரைத் தாங்கிய இக்குழு அப்போது அர்ஜென்டினாவிலிருந்து மட்டுமே அறியப்பட்டிருந்தது.

கண்டறிந்த வரலாறு

1980களின் நடுவில் அர்ஜென்டினாவின் படகோனியாப் பகுதியிலிருந்து மூன்று விலங்குகள் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன. முதலாவது, பேலியோசீன் காலத்தைச் சேர்ந்த சூடமெரிக்கா அமெகினோய். கிரீத்தேசியப் பாறைகளிலிருந்து கிடைத்த கோண்டுவானத்தீரியம், பெருக்லியோத்தீரியம் ஆகிய மற்ற இரண்டையும் ஹோசே போனபார்ட்டே 1986இல் விவரித்தார்.

இந்தியாவில் ஐதராபாத்துக்கு மேற்கே உள்ள நாஸ்கல் என்ற ஊரில் 1989இல் ஒரு பல் கிடைத்தது. தக்காணப் பகுதியில் எரிமலைக் குழம்பு ஒரே மூச்சில் வழிந்துவிடவில்லை. ஒரு வழிவுக்கும் அடுத்த வழிவுக்கும் இடையே அமைதியான காலங்கள் இருந்தன. அப்போது ஏரிகளும் குளங்களும் தோன்றி, அவற்றின் அடியில் வண்டல் படிந்தது. பிறகு வந்த குழம்பு அதை மூடிக் காத்தது. நாஸ்கல் படிவு அத்தகையது. இந்தியாவின் முதல் கிரீத்தேசியப் பாலூட்டியான டெக்கனோலெஸ்டெஸ் இதே நாஸ்கலிலிருந்துதான் 1988இல் பிரசாத், சாஹ்னி ஆகியோரால் அறிவிக்கப்பட்டது. இத்தகைய பற்களைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கிவிட முடியாது. வண்டலை மூட்டை மூட்டையாக எடுத்து ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, தங்கியதை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

1989இல் கிடைத்த பல் எந்த விலங்கினுடையது என்பது பல ஆண்டுகள் தெரியவில்லை. மடகாஸ்கரில் லவனிஃபை என்ற விலங்கின் பற்கள் கிடைத்த பிறகே ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது. 1997இல் டேவிட் கிராஸ், பிரசாத், சாஹ்னி உள்ளிட்டோர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில், மடகாஸ்கர் பற்களும் நாஸ்கல் பல்லும் கோண்டுவானத்தீரியாவைச் சேர்ந்தவை என்று காட்டினர். அதுவரை தென் அமெரிக்காவுக்கே உரியதாகத் தோன்றிய குழு இந்தியப் பெருங்கடலின் இரு நிலங்களிலும் இருந்தது உறுதியாயிற்று.

அதன் பிறகும் இந்திய விலங்குக்குப் பெயர் கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. 2007இல் இரண்டு குழுக்கள் ஒன்றையொன்று சாராமல் பெயரிட்டன. பிரசாத் குழுவினர் மத்தியப் பிரதேசத்தின் கிசல்புரியில் கிடைத்த ஒரு பல்லைக் கொண்டு பாரத்தீரியம் போனபார்ட்டி என்று பெயரிட்டனர். வில்சன், தாஸ் சர்மா, அனந்தராமன் ஆகியோர் கர்நாடகத்தின் கோகாக்கில் கிடைத்த ஆறு பற்களைக் கொண்டு தக்சிணா யெடெரி என்று பெயரிட்டனர். நாஸ்கல் பல்லை இரு தரப்பும் தம் விலங்கினுடையதாகவே சேர்த்துக்கொண்டன. இரண்டும் ஒரே இனம் என்பதை 2008இல் பிரசாத் சுட்டிக்காட்டினார். விலங்குப் பெயரிடல் விதிகளின்படி முதலில் அச்சேறிய பெயரே செல்லும் என்பதால் பாரத்தீரியம் நிலைத்தது. தக்சிணா அதன் மாற்றுப் பெயராகியது.

பாரத்தீரியத்தின் பற்கள்

எட்டுப் பற்களில் ஒன்று வெட்டுப்பல். மற்ற ஏழும் கடைவாய்ப்பல் வடிவத்தவை. கடைவாய்ப் பற்கள் வளைந்தும் உயர்ந்தும் இருக்கின்றன. அவற்றின் உயரம் 6 முதல் 8.5 மில்லிமீட்டர். சில பற்களின் ஒரு பக்கத்தில் ஆழமான பள்ளம் மேலிருந்து கீழாக ஓடுகிறது; நடுவில் ஒரு குழி இறங்குகிறது. பல் தேயும்போது பள்ளத்தின் ஓரமும் குழியின் ஓரமும் எனாமல் விளிம்புகளாக நின்று அரைக்க உதவும். எனாமலின் நுண்ணமைப்பு விரிசல் பரவாமல் தடுக்கும் விதமாக இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

உயர்ந்த பல் என்பது தேய்மானத்துக்கு ஈடுகொடுக்கும் ஏற்பாடு. மாடு, குதிரை போன்ற புல்மேய்ப்பு விலங்குகளில் இதைக் காணலாம். புல்லில் உள்ள சிலிக்காத் துகள்களும் அதனோடு சேர்ந்து வரும் மண்ணும் பல்லை விரைவில் தேய்த்துவிடும். டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. 2005இல் மகாராட்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த புதைபடிவச் சாணத்தில் புல்லின் சிலிக்காத் துகள்கள் கண்டறியப்பட்டன. பாரத்தீரியம் வாழ்ந்த காலத்தில் இந்தியாவில் புல் இருந்தது என்பதால், இவ்விலங்கு புல்லையும் தின்றிருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது.

உறவுமுறைச் சிக்கல்

இக்குழுவின் உறவினர் யார் என்பதற்குத் தரப்பட்ட விடைகள் பலமுறை மாறியுள்ளன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய புதைபடிவம் ஒன்று காரணமாக இருந்திருக்கிறது.

முதல் விடை தேவாங்கு போல மெதுவாக நகரும் ஸ்லாத், கவசம் தரித்த அர்மடில்லோ ஆகியவை அடங்கிய செனார்த்ரா குழு. தென் அமெரிக்காவில் கிடைத்த உயர்ந்த பற்களைப் பார்த்து இவ்வாறு கருதினர். ஆனால் உயர்ந்த பல் ஒரே மரபில் மட்டும் தோன்றுவதில்லை. கரடுமுரடான உணவைத் தின்னும் பல வேறு விலங்குக் குழுக்களில் அது தனித்தனியே தோன்றியிருக்கிறது. வாழ்முறை ஒன்றாக இருந்தால் உறுப்பும் ஒன்றுபோல் அமையலாம். அதைக் கொண்டு உறவு என்று முடிவு கட்ட இயலாது.

இரண்டாவது விடை மல்டிட்யூபர்குலேட்டா. ஜுராசிக் காலம் முதல் இயோசீன் காலம் வரை வாழ்ந்த இவ்விலங்குகள் உருவத்தில் எலிகளை ஒத்தவை. இவற்றின் கடைவாய்ப் பற்களில் சிறு மேடுகள் வரிசையாக அமைந்திருக்கும். பெருக்லியோத்தீரியத்தின் குட்டையான பற்களிலும் அத்தகைய மேடுகள் இருந்தன. மேலும் இரு குழுக்களிலும் மெல்லும்போது கீழ்த்தாடை முன்னிருந்து பின்னாக இழுக்கப்பட்டதைப் பல்லின் தேய்மானக் கீறல்கள் காட்டின. 1990களின் தொடக்கத்தில் கோண்டுவானத்தீரியா மல்டிட்யூபர்குலேட்டாவின் ஒரு கிளை என்ற கருத்து ஓங்கியது.

1999இல் சூடமெரிக்காவின் கீழ்த்தாடை விவரிக்கப்பட்டபோது இக்கருத்து ஆட்டம் கண்டது. அத்தாடையில் ஒரு வெட்டுப்பல்லும், இடைவெளிக்குப் பின் நான்கு கடைவாய்ப்பல் வடிவப் பற்களும் இருந்தன. மல்டிட்யூபர்குலேட்டாவின் கீழ்த்தாடையில் உண்மையான கடைவாய்ப் பற்கள் இரண்டே. எனவே கோண்டுவானத்தீரியா எந்தக் குழுவிலும் சேராமல் தனியே வைக்கப்பட்டது.

மடகாஸ்கர் தந்த சான்றுகள்

பற்களும் தாடையும் தீர்க்காத சிக்கலுக்கு முழு உடல் தேவைப்பட்டது. மடகாஸ்கரில் 2010இல் எடுத்த ஒரு மணற்பாறைக் கட்டியை, அதிலுள்ள மீன் படிவங்களுக்காக ஊடுகதிர் வருடலுக்கு உட்படுத்தினர். உள்ளே ஒரு பாலூட்டியின் மண்டையோடு இருந்தது. மலகாசி மொழியில் நற்பேறு என்று பொருள்படும் வின்தானா என்ற பெயரில் 2014இல் அது அறிவிக்கப்பட்டது. விலங்கின் எடை சுமார் 9 கிலோ எனக் கணக்கிடப்பட்டது. எலியளவே இருந்த பெரும்பாலான அக்காலப் பாலூட்டிகளோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரிய உடல்.

2020இல் அடலாத்தீரியத்தின் ஏறத்தாழ முழுமையான எலும்புக்கூடு விவரிக்கப்பட்டது. சுமார் 3 கிலோ எடையுள்ள, முழு வளர்ச்சி அடையாத விலங்கு அது. அதன் முன்கால்கள் உடலுக்குக் கீழே நேராக நிற்க, பின்கால்கள் பக்கவாட்டில் விரிந்திருந்தன. முதுகெலும்புகளின் எண்ணிக்கையும் வழக்கத்துக்கு மிக அதிகம். மூக்கின் மேற்புறத்தில் காரணம் விளங்காத ஒரு துளையும் இருந்தது. பெயரின் முதற்பகுதி மலகாசி மொழியில் பைத்தியம் என்று பொருள்படும்.

வகைப்பாட்டின் இன்றைய நிலை

அடலாத்தீரியத்தை ஆராய்ந்தோர், கோண்டுவானத்தீரியா மல்டிட்யூபர்குலேட்டாவின் கிளையாக இல்லாமல் அதன் உடன்பிறப்புக் குழுவாக இருக்கலாம் என்றனர். இவ்விரண்டும் அல்லோத்தீரியா என்ற பெருங்குழுவில் அடங்கும். அப்படியானால் இவை, இன்றைய எல்லாப் பாலூட்டிகளுக்கும் பொதுவான மூதாதையிலிருந்து பிரிந்தவை. அதாவது உண்மைப் பாலூட்டிகள்.

2018இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து அறிவிக்கப்பட்ட சிஃபெலியோடான் மண்டையோடு வேறு விடை தந்தது. அதை ஆராய்ந்தோர் கோண்டுவானத்தீரியாவை ஹராமியிடா என்ற இன்னும் பழைய குழுவோடு சேர்த்து, இரண்டையும் அப்பொது மூதாதைக்கு முன்பே பிரிந்த பக்கக் கிளையில் வைத்தனர். இதன்படி பாரத்தீரியம் பாலூட்டிகளின் நெருங்கிய உறவினரே தவிர, முழுப் பாலூட்டி ஆகாது.

இது வெறும் பெயர்ச் சண்டை ஆகாது. ஹராமியிடா டிரையாசிக் காலத்திலேயே, 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அது உண்மைப் பாலூட்டி என்றால் பாலூட்டிகளின் தொடக்கமும் அவ்வளவு பழையதாக வேண்டும். இல்லையென்றால் அத்தொடக்கம் ஜுராசிக் காலத்துக்கு இறங்கிவரலாம். இந்த விவாதத்திலும் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. தெலங்கானாவின் பச்சாரத்தில் கிடைத்த ஒற்றைப் பல்லை 2006இல் அவசிஷ்டா என்று பெயரிட்டு, ஹராமியிடாவின் கடைசி வாரிசு என அறிவித்தனர். எஞ்சியது என்று பொருள்படும் அப்பெயர் பொருத்தமானதே.

தீவாக இருந்த இந்தியா

இந்தியா மடகாஸ்கரிலிருந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. தனித்த தீவில் தனித்த விலங்குகளே உருவாகியிருக்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. பாரத்தீரியம் தெற்கின் உறவைக் காட்டுகிறது. அதே படிவுகளில் கிடைத்த டெக்கனோலெஸ்டெஸ் வட கண்டங்களின் பாலூட்டிகளோடு உறவுடையது. எனவே அக்கால இந்தியா முற்றிலும் துண்டிக்கப்பட்டிருந்ததா, அல்லது இடையிடையே விலங்குகள் வந்து சேர வழி இருந்ததா என்ற கேள்விக்கு இச்சிறு பற்களும் சான்றாகின்றன.

தமிழ்நாட்டுப் படிவுகள்

பாரத்தீரியத்தின் காலத்தை ஒட்டிய நிலப்படிவு தமிழ்நாட்டிலும் உண்டு. அரியலூர்ப் பகுதியின் கல்லமேடு படிவில் மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் முதலையை ஒத்த எச்சங்களும், டிரூடான் குடும்ப டைனோசரின் ஒரு பல்லும் கிடைத்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது. வட தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூரிலும், கவரைப்பேட்டைக்கு மேற்கே ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள சத்தியவேட்டிலும் காணப்படும் மேல் கோண்டுவானாப் படிவுகள் இவற்றைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தவை. அவை தாவரப் படிவங்களுக்குப் பெயர் பெற்றவை.

பாரத்தீரியத்தின் பற்கள் அனைத்தும் தெலங்கானா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களின் எரிமலை இடைப்படிவுகளிலிருந்து வந்தவை. மடகாஸ்கரில் கிடைத்ததுபோல ஒரு மண்டையோடு இந்தியாவிலும் கிடைத்தால், இக்குழுவின் இடம் பற்றிய விவாதம் மீண்டும் ஒருமுறை மாறக்கூடும்.