சான்ட் சப்பேல்

பாரிஸ் நகரின் நடுவே, சேன் ஆற்றுத் தீவிலுள்ள பழைய அரண்மனை வளாகத்தில் நிற்கும் கோதிக் பாணிச் சிற்றாலயம். பிரான்சு மன்னர் ஒன்பதாம் லூயி கட்டுவித்தது. 1248 ஏப்ரல் 26 அன்று அர்ச்சிக்கப்பட்டது.

இதன் பிறப்புக்குக் காரணம் ஓர் அடகுப் பொருள். கான்ஸ்டான்டிநோபிளின் லத்தீன் பேரரசர் இரண்டாம் பால்டுவின் கடனில் மூழ்கியிருந்த காலம் அது. இயேசுவின் தலையில் சூட்டப்பட்டதாக நம்பப்பட்ட முள்முடி வெனிஸ் வணிகர்களிடம் ஈடாகக் கிடந்தது. லூயி கடனை அடைத்து அதை மீட்டார். 1239 ஆகஸ்டில் சான்ஸ் நகருக்கருகே முடியை எதிர்கொண்டவர், அரச உடையையும் காலணியையும் களைந்துவிட்டுத் தம்பி ராபர்ட்டுடன் தோளில் சுமந்து சென்றார். சிலுவைத் துண்டு முதலிய திருப்பண்டங்கள் பின்னர் வந்து சேர்ந்தன. இவற்றை வைக்கவே ஆலயம் எழுந்தது. முள்முடிக்கு 1,35,000 லிவ்ரும், திருப்பண்டங்களை வைக்கும் பேழைக்கு 1,00,000 லிவ்ரும், ஆலயத்துக்கு 40,000 லிவ்ரும் செலவானதாகச் சொல்லப்படுகிறது. கட்டடத்தைவிடப் பெட்டிக்கே விலை அதிகம்!

கட்டடக் கலைஞர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பியேர் த மொந்த்ரேய் என்பது நெடுநாள் வழக்கு. ஆமியான் பேராலயத்தின் சாயலைக் காண்போர் அதன் கலைஞர்களான ரொபேர் த லூசார்ஷ், தோமா த கொர்மோன் ஆகியோரை முன்னிறுத்துகின்றனர்.

ஆலயம் இரண்டு அடுக்கு கொண்டது. கீழ்த்தளம் அரண்மனைப் பணியாளருக்கு; மேல்தளம் மன்னருக்கும் திருப்பண்டங்களுக்கும். நீளம் 36 மீட்டர், அகலம் 17 மீட்டர். கோபுர ஊசி நீங்கலாக உயரம் 42.5 மீட்டர். மேல்தளத்தில் சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடிதான். கல் தூண்கள் மெலிந்து நிற்க, 15 நெடுஞ்சாளரங்கள் 1,113 காட்சிகளில் விவிலியக் கதையைச் சொல்கின்றன. இத்தனை மெலிந்த கட்டுமானம் தாங்கி நிற்பதில் இரும்புக்கும் பங்குண்டு: மேல்தளத்தைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலிகள் கல்லுக்குள்ளும் சாளரக் கம்பிகளுக்கிடையிலும் மறைந்திருப்பதால் பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. விவிலிய வரிசை முடியும் தென்புறக் கடைசிச் சாளரத்தில் முள்முடி பிரான்சுக்கு வந்த கதை இடம்பெறுகிறது. விவிலிய அரசர்களின் வரிசையில் லூயி தம்மையும் சேர்த்துக்கொண்டார் என்று இதைப் படிப்பதில் தவறில்லை.

மேற்கு வட்டச் சாளரம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், எட்டாம் சார்லஸ் காலத்தில் அமைந்தது. 1630இல் கோபுர ஊசி தீக்கிரையானது.

பிரெஞ்சுப் புரட்சியில் பேழை உருக்கப்பட்டது, திருப்பண்டங்கள் சிதறின. தப்பிய முள்முடி 1806இல் நோத்ர தாம் பேராலயத்துக்குப் போனது. ஆலயமோ 1803 முதல் 1837 வரை நீதிமன்ற ஆவணக் கிடங்கு. அலமாரிகளுக்காகச் சாளரங்களின் அடிப்பகுதியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டனர்.

1840களில் கட்டடக் கலைஞர் ஃபெலிக்ஸ் துய்பானும் பின்னர் கட்டடக் கலைஞர் லாசூவும் மறுசீரமைப்பை நடத்தினர். இன்றைய ஊசி லாசூவுடையது. இப்போதுள்ள கண்ணாடியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 13ஆம் நூற்றாண்டினது. 2008இல் தொடங்கிய கண்ணாடிச் சீரமைப்பு 2015இல் முடிந்தது. பழைய கண்ணாடியைக் காக்க வெளிப்புறத்தில் இரண்டாவது கண்ணாடி அடுக்கு பொருத்தப்பட்டுள்ளது.