பாயிங்க்: தன்னார்வலர் பணிகள்

உலகெங்கும் சும்மா கிடக்கும் கணினிகளின் நேரத்தை ஆய்வுக் கணக்குகளுக்குத் திருப்பிவிடும் திறமூல மென்பொருள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சன் 2002-இல் தொடங்கியது. வேற்றுலக அறிவுயிர்களைத் தேடிய செட்டி அட் ஹோம் (1999–2020) பின்னாளில் இதில்தான் இயங்கியது.

கணினியைக் கடன் தருவதே எளிய உதவி. குளிர்ந்த மலையூரான ஏற்காட்டில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், இதற்கொரு தனி வசதி: நாள் முழுக்கக் கணக்கிடும் கணினி சேலத்தில் இருப்பதுபோல் கொதிக்காது. மழையில் மின்சாரம் போனாலும் பெரும்பாலான பணிகள் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும். பல ஆய்வுத் திட்டங்கள் ஒரே பணியை இரு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவதால், ஒன்று தவறினாலும் ஆய்வு கெடாது. மின்கட்டணம் மட்டும் தன்னார்வலர் தலையில்.

நிரல் எழுதுதல், வெளியீட்டுக்கு முன் சோதித்தல், புதியவருக்கு வழிகாட்டுதல் ஆகியவையும் உண்டு. மென்பொருளின் திரைச்சொற்களை மொழிபெயர்ப்பது பார்வைக்கு எளிது. ஆனால் வாக்கியத்தின் நடுவே எண்ணுக்காக விட்டிருக்கும் விழுக்காட்டுக் குறியை அழிக்கவோ திருத்தவோ கூடாது. எனினும் தமிழில் வினை கடைசியில் வருவதால் அந்தக் குறியின் இடம் மாறலாம். இரண்டு குறிகள் இருக்கையில் வரிசை தவறினால், மணிக்கணக்கு நாள்கணக்காகிவிடும்.